சுண்ணாம்புக் கோடு

எல்லைச் சீமை: திருவள்ளூர் மாவட்டத்தின் கதை – 14

விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஏதாவது ஓர் அரசுக் கல்லூரி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கடப்பாரை ஊன்றியிருக்கும். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஒரு பையன் வளைந்து நடப்பான். அவன் கால்தடத்தை ஒட்டி இன்னொருவன் வாளியிலிருந்து சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே வருவான். தொப்பியும் கழுத்தில் விசிலுமாக நிற்கும் பி.டி. சார் கயிறு தொய்யும்போதெல்லாம் அதட்டுவார். வெயில் ஏறுவதற்குள் எட்டுத் தடங்கள் போட்டாக வேண்டும்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது கோலம் போடுகிற மாதிரித்தான் தெரியும். உள்ளே இருப்பது கறாரான கணக்கு. 400 மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று புறப்பட்டால், வெளித்தடத்தில் ஓடுபவர் கூடுதல் தூரம் ஓட வேண்டிவரும். அதை ஈடுகட்ட, முதல் தடத்துக்காரரைவிட இரண்டாம் தடத்துக்காரரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்துவார்கள். மூன்றாம் தடத்துக்கு 14.70. எட்டாம் தடத்துக்கு 53.03. இந்த முன்தள்ளலுக்கு மைதானத்தில் வழங்கும் பெயர் ஸ்டாகர். இதில் ஒரு விந்தையும் உண்டு. தடத்தின் அகலமான 1.22 மீட்டர் மாறாதவரை, மைதானம் பெரிதானாலும் சிறிதானாலும் ஒரு முழுச் சுற்றுக்கு இந்த எண்கள் மாறுவதில்லை. தெரியாதவர்கள் எட்டாம் தடத்தில் நிற்பவரைப் பார்த்து, ‘இவனுக்கு மட்டும் என்ன சலுகை?’ என்பார்கள். சலுகை ஒன்றும் கிடையாது. எட்டுப் பேரும் ஒரே தூரம் ஓடுவதற்கான ஏற்பாடு அது.

சென்ற இதழில் சிப்காட் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டிக்கு வந்த கதையைப் பார்த்தோம். உலைகள், உருட்டாலைகள், ஷிப்ட் சங்குகள் என்று அந்தக் கதை போயிற்று. அந்தச் சங்கொலி கேட்கும் தூரத்திலேயே கல்லூரிகளும் மைதானங்களும் இருக்கின்றன. அவற்றில் ஓடியவர்கள், ஓட வைத்தவர்கள், ஓடாமல் போனவர்கள் ஆகியோரின் கதை இந்த அத்தியாயம். அதற்கு நாம் நூறாண்டு பின்னால் போய், சென்னையில் இறங்கிய ஓர் அமெரிக்கரிடமிருந்து தொடங்க வேண்டும்.

டிரில் மாஸ்டரின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். அதைச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். வரிசையில் நில், கையைத் தூக்கு, இடப்பக்கம் திரும்பு, கலைந்து போ. விளையாட்டு என்பது வெள்ளைக்கார துரைகளுடைய கிளப்புகளிலும் சில வசதியான கல்லூரிகளிலும் நடந்த பொழுதுபோக்கு.

1919-இல் ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கல்லூரியில் படித்தவர். 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அதே இடத்தில்தான். பக்கும் அவருடைய மனைவி மேரியும் சேர்ந்து 1920-இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுடன் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் மரங்களுக்கு நடுவே நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி.

அந்த 1920-இல்தான் தொராப்ஜி டாடாவின் முயற்சியால் இந்தியாவிலிருந்து ஓர் அணி ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குப் போனது. ஒருபுறம் ஓடுவதற்கு ஆட்கள் புறப்பட்டார்கள். மறுபுறம் ஓடக் கற்றுக்கொடுப்பவர்களைச் செய்யும் பட்டறை திறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தன. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பக்தான் மேலாளர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கண்ணூரில் பிறந்த சி.கே. லட்சுமணன் அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடினார். பின்னாளில் மருத்துவத் துறையில் பெரிய பொறுப்புகளுக்கு உயர்ந்தார்.

பாரிஸைவிடப் பக்குக்கு முக்கியமாக இருந்தவை மாகாணத்தின் பள்ளி மைதானங்கள். விளையாட்டுகளுக்கான விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். வாலிபால், கூடைப்பந்து போன்ற புது ஆட்டங்கள் அவரிடம் படித்தவர்கள் மூலமாக ஊர் ஊராகப் பரவின. ஒரு பந்தும் ஒரு வலையும் இருந்தால் இருபது பேரை ஆட வைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. திறமைசாலி ஒருவனைப் பொறுக்கி எடுப்பதைவிட, வகுப்பு முழுவதையும் வியர்க்க வைப்பதே உடற்கல்வி என்பது அவர் விட்டுச்சென்ற பாடம். 1943-இல் சென்னையிலேயே காலமானார். கடப்பாரையும் கயிறும் கொண்டு தடம் போடும் அந்த பி.டி. சார், யாரிடம் படித்திருந்தாலும், குரு பரம்பரையில் நான்கைந்து தலைமுறை மேலே போனால் பெரும்பாலும் பக்கிடம்தான் போய் நிற்பார்.

திருத்தணிக்காரரும் முதலியாரும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-இல் பிறந்தது திருத்தணியில். அந்த ஊர் எங்கே சேர வேண்டும் என்பதற்கு ம.பொ.சி. நடத்திய போராட்டமும், 1960-இல் அது தமிழகத்தோடு இணைந்ததும் நாம் முன்பே பார்த்தவை. இப்போது பார்க்கப்போவது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய ஒரு நிகழ்ச்சி.

விடுதலை பெற்ற மறு ஆண்டு, இந்தியப் பல்கலைக்கழகங்களை எப்படிச் சீரமைப்பது என்று ஆராய மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் ராதாகிருஷ்ணன். மொத்தம் பத்துப் பேர். ஜாகிர் உசேனும் இயற்பியல் அறிஞர் மேகநாத் சாகாவும் அதில் இருந்தார்கள். இன்னும் இருவர் நம் கதைக்கு வேண்டியவர்கள்.

முதலாமவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அன்றைக்கு இந்தப் பகுதி மாணவர்கள் பட்டம் வாங்க வேண்டுமானால் அது அவர் கையெழுத்திட்ட பட்டமாகத்தான் இருக்கும்.

இரண்டாமவர் ஜான் டைகர்ட் என்ற அமெரிக்கர். கல்லூரிக் காலத்தில் பெயர்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். 1928 முதல் 1947 வரை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் தலைவர். பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஸ்டேடியம் கட்ட, தம் ஆதரவாளர்கள் சிலரோடு சேர்ந்து சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கிய ஆள் இவர். நன்றாக ஆடுகிற மாணவர்களுக்கு அங்கே பணக்காரப் பழைய மாணவர்கள் ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தார்கள். அந்தக் கள்ளத்தனத்துக்குப் பதில் கல்லூரியே வெளிப்படையாக விளையாட்டு உதவித்தொகை கொடுக்கட்டும் என்று வாதாடியவர்களில் இவர் முன்னணியில் நின்றார். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உலகெங்குமிருந்து ஓட்டக்காரர்களை அழைத்துப் படிக்கவைப்பதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1958-இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று இலங்கைக்குப் பெருமை சேர்த்த யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும் கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான்.

ஸ்டேடியம் கட்டிய அமெரிக்கர் ஒருவர் குழுவில் உட்கார்ந்திருந்தும், குழு ஸ்டேடியத்தைக் கேட்கவில்லை. 1949 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் கேட்டது வேறு: கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், இரண்டு ஆண்டு உடற்கல்வி கட்டாயம். பக் மைதானத்தில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு தத்துவப் பேராசிரியரின் குழு ஏட்டில் எழுதிவைத்தது என்றே சொல்லலாம். பதக்கம் வாங்கும் நாலு பேர் அந்த வாக்கியத்தின் குறி இல்லை. பொன்னேரியிலிருந்தோ ஊத்துக்கோட்டையிலிருந்தோ பஸ் ஏறி வந்து, பட்டம் வாங்கி, குமாஸ்தாவாகப் போகிற நாலாயிரம் பேருக்காக எழுதப்பட்டது அது.

முதலியார் அதோடு நிற்கவில்லை. 1952–53-இல் இடைநிலைக் கல்விக்கான குழுவுக்கு அவரே தலைவரானார். அந்த அறிக்கை ஒருபடி மேலே போனது. நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆசிரியர்கள் எல்லோரும், எந்தப் பாடம் நடத்தினாலும், மாணவர்களோடு உடற்பயிற்சியிலும் விளையாட்டிலும் பங்கெடுக்க வேண்டும் என்றது. கணக்கு வாத்தியாரும் தமிழய்யாவும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குவதாக அந்த அறிக்கை கனவு கண்டது.

விலக்கு விதியான கதை

சட்டங்களிலும் அறிக்கைகளிலும் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ராதாகிருஷ்ணன் குழுவின் அந்தப் பரிந்துரைக்கும் ஒரு வால் இருந்தது. உடல்நிலை சரியில்லாதவர்களுக்கும், தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. நியாயமான விலக்குத்தான். என்.சி.சி. அப்போதுதான், 1948-இல், பிறந்திருந்தது. அதில் இருப்பவன் எப்படியும் ஓடப்போகிறான், அணிவகுக்கப்போகிறான். அவனை இரண்டு தடவை ஏன் கசக்க வேண்டும்?

அறிக்கைக்குப் பின் சில கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பதவிகள் வந்தன. சில மைதானங்கள் சமன்பட்டன. கட்டாயம் மட்டும் வரவில்லை. பணமும் இடமும் ஆளும் இல்லை. இந்த நிலையில்தான் 1962 அக்டோபரில் சீனப் போர் வெடித்தது. தோல்வியின் அதிர்ச்சியில் அரசு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கியது. விலக்காக இருந்தது விதியாகிவிட்டது. விதியாக இருந்தது ஏட்டோடு போயிற்று.

அப்போது இந்தியாவின் குடியரசுத் தலைவர் யார்? ராதாகிருஷ்ணன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் யார்? லட்சுமணசாமி முதலியார். பரிந்துரையை எழுதிய இரண்டு கைகளும் நாட்டிலும் பல்கலைக்கழகத்திலும் உச்சப் பதவிகளில் இருந்த நாட்களிலேயே அது நடந்தது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. எல்லையில் பீரங்கி முழங்கும்போது கூடைப்பந்தைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் வரலாறு எழுதுபவன் இதைக் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். பக் வந்தபோது அகற்ற நினைத்த டிரில், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பி வந்தது.

அந்தக் காலத்தில் படித்தவர்களைக் கேளுங்கள். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால்சட்டை, பாலிஷ் போட்டுப் போட்டுக் கை கறுத்த பூட்ஸ், பரேடு முடிந்ததும் கிடைக்கும் டிபன், எல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். 1968-இல் கட்டாயம் தளர்ந்தது. அதன்பின் என்.சி.சி.; 1969-இல் வந்த நாட்டு நலப்பணித் திட்டம்; தேசிய விளையாட்டு அமைப்பு; மூன்றில் ஏதாவது ஒன்றை மாணவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. எல்லோரும் விளையாட வேண்டும் என்பது, விருப்பமுள்ளவர் விளையாடலாம் என்று சுருங்கியது. விருப்பமுள்ளவர் என்பது நடைமுறையில் ஏற்கெனவே நன்றாக விளையாடுபவர் என்று மேலும் சுருங்கியது.

பொன்னேரிக்குக் கல்லூரி வருகிறது

இந்தச் சூழலில்தான் நம் பகுதியில் கல்லூரிகள் முளைக்கின்றன. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழகத்துக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கிய 1965-ஆம் ஆண்டில் பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி தொடங்கியது. 1969-இல் பட்டாபிராமில் இந்துக் கல்லூரி. ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணிக்கும் சுப்பிரமணிய சுவாமி பெயரில் ஓர் அரசுக் கலைக் கல்லூரி வந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமாக 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கல்லூரிகள் எல்லாம் சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கொடியின்கீழ் முன்பே சேர்ந்துவிட்டன.

அரசுக் கல்லூரியின் விளையாட்டுத் துறை என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் இரும்பு பீரோ, ஓர் ஆள். பீரோவில் காற்றிறங்கிய பந்துகள், துருப்பிடித்த ஈட்டி, இரண்டு குண்டு, சாயம் போன ஜெர்சிகள். அந்த ஆள்தான் உடற்கல்வி இயக்குநர். பதவிப் பெயரைக் கேட்டால் அவருக்குக் கீழே ஒரு பட்டாளமே இருக்கும்போலத் தோன்றும். நிஜத்தில் வலை கட்டுவதும் அவர்தான், பில் எழுதுவதும் அவர்தான், அடிபட்ட பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவர்தான்.

அவருடைய ஆண்டு ஜூனில் தொடங்கும். சேர்க்கையின்போதே வரிசையில் நிற்பவர்களின் கால்களைப் பார்ப்பார். பள்ளியில் எந்த அளவில் ஓடினாய், சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரிப்பார். ஆகஸ்டுக்குள் ஓர் அணி உருவாக வேண்டும். பிறகு கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள். இங்கே தேறியவர்கள் பல்கலைக்கழக அணிக்கு. அங்கிருந்து அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு. அந்த மட்டத்தில் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுக்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956–57 முதல் தரப்பட்டுவந்தது. 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு இந்த ஏணிக்குப் புதிதாக ஒரு படி சேர்த்திருக்கிறது. ஏணியின் மேல்படிகள் தொலைக்காட்சியில் தெரிகின்றன. கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அந்த ஒற்றை ஆள்.

இந்த ஆண்டுச் சக்கரத்தின் உச்சம் சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டி. அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர் டாக்டர் ஏ.எல். முதலியார். ஆம், அதே முதலியார்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் இந்தப் போட்டியை மாணவர்கள் ‘ஏ.எல்.எம். மீட்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். எல்லோரும் ஓட வேண்டும் என்று எழுதிய குழுவின் உறுப்பினர் பெயரில், வேகமாக ஓடுபவர்களுக்கான போட்டி. பெயர்களுக்கு இப்படியும் ஒரு விதி.

சென்ட்ரலுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் தளம்

சென்னை ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் 1993-இல் இன்றைய உருவம் பெற்றது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வருபவர்களுக்கு இது ஒரு வசதி. விடியற்காலை மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வந்தால், இறங்குகிற இடத்துக்கு அருகிலேயே போட்டி.

வசதி அவ்வளவோடு முடிகிறது. ஊரில் அவர்கள் ஓடுவது மண்ணில். மழைக்காலத்தில் சேறு, கோடையில் பாளம். காலுக்கு அடியில் கல் உருளும். இங்கே சிவப்பு ரப்பர் தளம். அதில் ஓடுவதற்கு முள் பதித்த ஸ்பைக்ஸ் வேண்டும். பலருக்கு அந்தத் தளத்தில் ஓடும் முதல் நாளே போட்டி நாளாகவும் அமைந்துவிடுகிறது. ஸ்பைக்ஸ் இல்லாதவன் நண்பனிடம் இரவல் வாங்கி, அளவு பெரிதாக இருந்தால் முனையில் துணி திணித்துக்கொண்டு ஹீட்ஸுக்குப் போவான்.

ஒட்டுமொத்தக் கோப்பைகள் பெரும்பாலும் லயோலா, எம்.ஓ.பி. வைஷ்ணவ் போன்ற நகரக் கல்லூரிகளுக்குத்தான் போய்வருகின்றன. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விளையாட்டு வீரர்களைத் தேடிப் பிடித்து இடம் கொடுக்கிறார்கள், பயிற்சியாளரை வைத்திருக்கிறார்கள், வருகைப் பதிவில் சலுகை தருகிறார்கள். டைகர்ட் ஃபுளோரிடாவில் செய்த வேலையின் சிறு வடிவம் இது. அரசுக் கல்லூரியிலும் விளையாட்டுப் பிரிவில் சேர்க்கை உண்டு. சேர்ந்த பின் அந்தப் பையனுக்குக் காலையில் முட்டையும் பாலும் யார் தருவது என்பதற்கு எந்த ஆணையிலும் பதில் இல்லை.

கோட்டுக்கு அந்தப்புறம் ஒரு வேலை

அப்படியும் ஓடினார்கள். ஏன்? முடிவுக்கோட்டுக்கு அந்தப்புறம் ஒரு வேலை இருந்தது. தெற்கு ரயில்வே, 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப்., வங்கிகள், காவல்துறை ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தன. பல்கலைக்கழக அணியில் ஓடிய சான்றிதழ் ஒன்று இருந்தால் மனு வாங்குவார்கள். அகில இந்திய அளவில் ஒரு பதக்கம் என்றால் வீட்டில் அடுப்பு நிரந்தரமாக எரியும். மில்லிலும் வயலிலும் உழைத்த பெற்றோருக்கு மகனோ மகளோ மைதானத்தில் சுற்றுவது வீண் வேலையாகத் தோன்றாததற்குக் காரணம் இந்தச் சின்ன வாசல்தான். இன்று தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதற்குத் தேசிய, சர்வதேசச் சாதனைகள் வேண்டும். கல்லூரி அளவில் ஓடி நின்றவர்களுக்கு அது எட்டாத கிளை.

சிப்காட் வந்தபோது இந்தப் பகுதி மக்கள் என்ன எதிர்பார்த்தார்கள் என்று சென்ற இதழில் எழுதினேன். பழைய பொதுத்துறை ஆலை ஒரு குடியிருப்பைக் கட்டும், பள்ளியும் மைதானமும் வைக்கும், ஆலைக்கென்று ஓர் அணி நடத்தும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வளர்ந்தது வேறு காலத்தில், வேறு விதத்தில். சிறியதும் நடுத்தரமுமாக நூற்றுக்கணக்கில் ஆலைகள். உருக்காலை வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தத்தில் வரும் இளைஞர்கள். அணி நடத்தவோ ஓட்டக்காரனுக்கு வேலை கொடுக்கவோ இந்த அமைப்பில் யாருக்கும் தேவை எழவில்லை. அதற்கு மாறாக, உள்ளூர்க் கல்லூரி மாணவனுக்குப் படிக்கும்போதே ஒரு ஷிப்ட் வேலை கிடைக்கிறது. மாலை நேரம் அதற்குப் போகிறது. காலைப் பயிற்சியை முந்தைய இரவின் தூக்கம் விழுங்குகிறது. எந்தப் பயிற்சியாளரும் எதிர்பார்க்காத எதிராளி இந்த ஷிப்ட் நேரம்.

விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. 2004-இல் சட்டமியற்றி, 2005 முதல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தை இயங்க வைத்தது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் அதன் வளாகம். மாநிலத்தின் உடற்கல்வியியல் கல்லூரிகள் எல்லாம் அதன் இணைப்பில் வந்தன. பக்கின் நந்தனம் கல்லூரியும் அவற்றில் ஒன்று. மத்திய அரசு மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது 2018-இல்தான். அதற்குமுன் 1957-இல், சிப்பாய்ப் புரட்சியின் நூற்றாண்டில், ஜான்சி ராணி லட்சுமிபாயின் நினைவாகக் குவாலியரில் ஓர் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியிருந்தது.

மேலக்கோட்டையூர்ப் பல்கலைக்கழகம் சிறியது. பொறியியலும் மருத்துவமும் கிடையாது. யோகா, உடற்பயிற்சி உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், விளையாட்டு உளவியல், விளையாட்டு மேலாண்மை என்று உடலைச் சுற்றியே துறைகள். ஓடும்போது கால் தரையில் எவ்வளவு நேரம் படுகிறது, ரத்தத்தில் லாக்டேட் எப்போது ஏறுகிறது என்று அளக்கும் இடம். கடப்பாரைக்கும் கயிற்றுக்கும் பின்னால் இருந்த கணக்கு ஓர் அறிவியலாக வளர்ந்து தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டது. 2014-இல் மத்திய அரசின் ஆசிரியர் கல்விக் கவுன்சில் கொண்டுவந்த விதிகளின்படி உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். படிப்பும் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக நீண்டது.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது ஒரு புதிய கதவு. கும்மிடிப்பூண்டி சென்னையின் வடகோடி, மேலக்கோட்டையூர் தென்கோடி. ரயிலும் பஸ்ஸும் மாறி நகரத்தை முழுசாகக் குறுக்கே கடந்து அங்கே போய்ப் படித்து, பி.டி. ஆசிரியராகத் திரும்பி வந்தால் ஊரில் மரியாதை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு முரண் இருக்கிறது. விளையாட்டுக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்ததும், விளையாட்டு என்பது அங்கே படிப்பவர்களின் தொழில், மற்றப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு என்ற பிரிவு இன்னும் கெட்டியாகிவிட்டது. 1949-இல் அந்தப் பத்துப் பேர் கேட்டது இதை இல்லை. வணிகவியல் படிப்பவளும் வேதியியல் படிப்பவனும் இரண்டு ஆண்டு ஓட வேண்டும் என்றார்கள். அவர்களை ஓட வைக்கும் ஆசிரியரைச் செய்யும் பட்டறை நம்மிடம் நூறாண்டாக இருக்கிறது. இப்போது பல்கலைக்கழகமாகவும் வளர்ந்துவிட்டது. அந்த ஆசிரியர் வேலை பார்க்கப் போகும் கல்லூரியில் இருப்பது இன்னமும் ஓர் அறை, ஒரு பீரோ.

எட்டாம் தடம்

விளையாட்டு விழா முடிந்த மறுநாள் மைதானம் மறுபடி மாடு மேய்கிற இடமாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு போட்டால், ஆரணியாறு இரு கரையும் தொட்டு ஓடும் நாட்களில் சுண்ணாம்புக் கோடு கரைந்து புல்லுக்கு உரமாகும். அடுத்த ஆண்டு மறுபடி கடப்பாரை, மறுபடி கயிறு. இடையில் அந்த ஆசிரியருக்கு மாற்றலாகி, பதவி காலியாகவே கிடந்தால், கோடே போடாமல் ஓர் ஆண்டு போகும். நம் பகுதிப் பல்கலைக்கழக விளையாட்டின் வரலாற்றில் நிரந்தரமானது எது என்று கேட்டால், அறிக்கைகளைக் காட்டுவதைவிட அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கைகளைக் காட்டுவதே நேர்மை. பரிந்துரை செய்தவர்கள் குடியரசுத் தலைவர்களாகவும் துணைவேந்தர்களாகவும் இருந்தும் நடக்காத ஒன்றை, ஒரு விசிலும் ஒரு வாளிச் சுண்ணாம்புமாக நின்றவர்கள் தங்கள் பணிக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்த 53.03 மீட்டரை மறுபடி எடுத்துக்கொள்வோம். வெளித்தடத்தில் ஓடுபவர் அதிகம் சுற்ற வேண்டியிருப்பதால் அவரை முன்னால் நிறுத்துகிறோம். தடகளத்தில் யாரும் இதை எதிர்ப்பதில்லை. அளந்து காட்டினால் எல்லோருக்கும் புரிகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் ரயில் பிடித்து, இரவல் ஸ்பைக்ஸோடு, முந்தைய நாள் ஷிப்ட் முடித்துவந்து நிற்கும் மாணவனும் ஒரு வெளித்தடத்தில்தான் ஓடுகிறான். நேரு ஸ்டேடியத்தில் அவனுக்கு ஒதுக்கிய தடம் எதுவானாலும் சரி. அவன் கூடுதலாகச் சுற்றிவரும் அந்தத் தூரத்தை இதுவரை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. அளக்கத் தெரிந்த ஆள் அவன் கல்லூரியிலேயே, அந்த ஒற்றை அறையில், அடுத்த போட்டிக்கான பில்லை எழுதிக்கொண்டிருக்கிறார்.

(அடுத்த இதழில்: 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடிய ஆவடி எப்படி டாங்கிகளின் ஊரானது?)